பாதியில் நின்ற இண்டெக்ஸ்

திங்கட்கிழமை காலை அவள் கைப்பையை நாற்காலியில் மாட்டுவதற்குள் நாலைந்து பேர் வந்து மேஜையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். எல்லார் வாயிலும் ஒரே பாட்டுதான்.

"அக்கா, கிடங்குல பாதியக் காணோம்."

அந்த அலுவலகத்தில் அவளுக்குக் கிடங்கக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை. லிஃப்டுகளை ஓட்டும் மென்பொருள் எழுதுகிற கம்பெனி அது. கதவைத் திறந்து மூட ஒரு துண்டு, மாடி எண்ணைக் காட்ட ஒரு துண்டு, உள்ளே எவ்வளவு பாரம் ஏறியிருக்கிறது என்று பார்க்க ஒரு துண்டு என்று தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றையும் பேக்கேஜாகக் கட்டி ஒரு பொது இடத்தில் சேர்த்து வைப்பார்கள். அந்த இடம்தான் கிடங்கு. கிடங்கு என்றதும் சாக்கு மூட்டையும் எலியும் நினைவுக்கு வரக்கூடாது. கண்ணாடிச் சுவர் போட்ட குளிர் அறைக்குள் பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருக்கும் சர்வர்கள், அவ்வளவுதான். ஒரு லிஃப்டுக்குப் புது மென்பொருள் தயாரிக்கும்போது பில்ட் மெஷின் அந்தக் கிடங்கைக் கேட்டு வேண்டிய பேக்கேஜ்களை எடுத்துச் சேர்த்துக்கொள்ளும். கிடங்கு கையை விரித்துவிட்டால் கம்பெனியே கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியதுதான்.

கிடங்குக்கு ஒரு குணம் உண்டு. எது எங்கே இருக்கிறது என்று அது தனக்கென்று ஒரு இண்டெக்ஸ் வைத்துக்கொள்ளும். யார் எதைக் கேட்டாலும் இண்டெக்ஸைத்தான் பார்க்கும். எழுந்து போய் அலமாரியைப் பார்க்காது. இண்டெக்ஸில் இல்லாத சாமான் அலமாரியில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தாலும், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று கூசாமல் சொல்லிவிடும். மனிதர்களிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. அவர்களில் சிலரோடு அவளுக்கு ரத்த சம்பந்தமே இருந்தது.

சோதனைப் பிரிவுப் பெண் அழாத குறையாகச் சொன்னாள். "தேடினா இல்லேங்குது அக்கா. சரி, தொலைஞ்சுதான் போச்சுன்னு மறுபடி ஏத்தப் போனா, ஏற்கெனவே இருக்குன்னு திருப்பி அனுப்புது. இருக்குங்குதா, இல்லேங்குதா? பைத்தியமே பிடிச்சிடும் போல."

"இருக்கு. இருக்கறது அதுக்குத் தெரியல, வைக்கப் போனாத்தான் அலமாரில இடிக்குது, அவ்வளவுதான். போய் டீ குடிச்சிட்டு வா. யாரும் எதையும் திரும்ப ஏத்தாதீங்க. பேர மாத்தி ஏத்தற புத்திசாலித்தனமும் வேண்டாம்."

அவர்கள் நகர்வதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். அவருக்கு அலுவலகம் வைத்த பெயர் சீக்கிரம். அவர் வாயிலிருந்து அதிகமாக வரும் சொல் அதுதான். சாப்பிடும்போதும் சீக்கிரம், யாராவது கல்யாணச் செய்தி சொன்னாலும் சீக்கிரம், இரங்கல் கூட்டத்தில் ஒரு முறை மௌன அஞ்சலியையே சீக்கிரம் முடிக்கச் சொன்ன மனிதர்.

"அந்த அடுக்குமாடி லிஃப்ட் மேட்டர் தெரியுமில்ல? ஒத்த ஆள் ஏறினாலே பாரம் அதிகம்னு கத்திட்டு நகர மாட்டேங்குது. வயசானவங்க எல்லாம் படி ஏறிட்டிருக்காங்க. திருத்தி எழுதியாச்சு, ஆனா பில்ட் ஆக மாட்டேங்குது. வெயிட் சென்சார் பேக்கேஜே இல்லேங்குது. மத்தியானம் கூட்டம் வேற இருக்கு. சீக்கிரம்."

கூட்டத்தை அவர் நினைவூட்ட வேண்டியதில்லை. ஒரு மாதமாக அவள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது அதுதான். இந்தக் கிடங்கைச் சொந்தமாக வைத்துக்கொள்வதா, அல்லது வெளியே ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டுத் தலைமுழுகுவதா என்று அன்று மதியம் முடிவு செய்யப் போகிறார்கள். வெளியே போனால் அவளும் வெளியேதான். ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயது. இதைத் தவிர வேறு வேலை பார்த்ததில்லை. இந்த வேலைக்கு ஆள் எடுக்கும் கம்பெனிகள் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியாரிடம் ஒப்படைத்துவிட்டன. இந்த நாற்காலி போனால் அவளுக்கு வேறு நாற்காலி கிடையாது என்பது அவளுக்கும் தெரியும், சீக்கிரத்துக்கும் தெரியும்.

இப்படிப்பட்ட நாளில்தானா இந்தச் சனியன் பிடிக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள்.

முதலில் அவள் இண்டெக்ஸைத் தொடவில்லை. முதலில் துடைப்பத்தைப் பிடுங்கினாள். கிடங்கைச் சுத்தம் செய்வதற்கென்று தானாக ஓடும் வேலை ஒன்று உண்டு. வாரம் ஒரு முறை, எல்லாரும் சாப்பிடப் போகும் நேரத்தில் எழுந்து, இண்டெக்ஸில் இல்லாதது எல்லாம் யாரும் உரிமை கொண்டாடாத குப்பை என்று எடுத்துக்கொண்டு அழித்துவிட்டுப் போகும். அன்றுதான் அதன் முறை. புதிதாக வந்த ஒருவர் இந்த இடத்தில் இருந்திருந்தால் இண்டெக்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே பின்னால் வீடு காலியாகியிருக்கும். அவள் அந்த வேலையை நிறுத்தி, நிறுத்தியது நின்றதா என்று இன்னொரு முறையும் பார்த்துக்கொண்டாள்.

பிறகு அலமாரிக்குள் போய்ப் பார்த்தாள். வெயிட் சென்சார் இருந்த இடத்தில் இருந்தது. ஒரு கீறல் இல்லை. இண்டெக்ஸில் தேடினாள், இல்லை. வேறு சிலவற்றைத் தேடினாள். எழுத்து வரிசையில் முன்னால் வரும் பெயர்கள் எல்லாம் ஒழுங்காகக் கிடைத்தன. நடு எழுத்துக்களைத் தாண்டியதும் ஒன்றுமே இல்லை. வீட்டை வெள்ளையடிக்க வந்தவன் பாதிச் சுவரோடு பிரஷ்ஷைப் போட்டுவிட்டுப் போன மாதிரி ஒரே கோடு. அதற்கு இந்தப் பக்கம் எல்லாம் உண்டு, அந்தப் பக்கம் எதுவும் இல்லை.

இயந்திரம் கெட்டுப்போனால் இப்படி நேர்கோட்டில் கெடாது. அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கெடும். இண்டெக்ஸ் கடைசியாக எழுதப்பட்டது வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்று இருந்தது. யாரோ அதை அடியோடு அழித்து முதலிலிருந்து கட்டச் சொல்லியிருக்கிறார்கள். அது பாதி கட்டும்போது நிறுத்தியிருக்கிறார்கள். நிறுத்தினால் அந்தப் பாதியையே முழுசு என்று கிடங்கு எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் அதற்கு விவரம் போதாது.

யாரோ என்ன யாரோ. கிடங்கின் அட்மின் பாஸ்வேர்டு அவளிடம்தான் இருந்தது. போன வாரம் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் என்று அவள் விடுப்பில் போனபோது, யாரிடம் கொடுக்கட்டும் என்று சீக்கிரத்தைக் கேட்டாள். "யார்ட்டயாவது குடுத்துட்டு சீக்கிரம் கிளம்புங்க" என்றார். அவளும் தன் தம்பியிடம் கொடுத்தாள்.

தம்பி அதே அலுவலகத்தில், அடுத்த மாடியில், வெளியீட்டுக் குழுவில் இருந்தான். அவனை அங்கே சேர்த்துவிட்டது அவள்தான். படிப்பு முடித்துவிட்டு வீட்டில் வெட்டிமுறித்துக்கொண்டிருந்தவனை, பார்க்கிறவர்களிடம் எல்லாம் பல்லைக் காட்டி உள்ளே நுழைத்துவிட்டாள். நுழைந்த பிறகு அவன் ஏறினான், அவள் இருந்த இடத்திலேயே இருந்தாள். அவனுக்குப் பேச வரும். நல்ல சட்டை போடுவான். அவளுக்கு இரண்டும் வராது.

மாடிப்படித் திருப்பத்தில் அவனை வரச் சொன்னாள். கையில் காப்பிக் கோப்பையோடு வந்தான்.

"வெள்ளிக்கிழமை இண்டெக்ஸ் ரீபில்ட் பண்ணினியாடா?"

மறுப்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் சிரித்தான். "ஆமாக்கா. நான்தான். எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்கலாம்னு போட்டேன். அது பாதில அப்படியே தொங்கிப் போச்சு. அரை மணி நேரமா நகரவே இல்ல. எல்லாரும் கிடங்கு மெதுவா இருக்குன்னு கத்த ஆரம்பிச்சாங்க. நிறுத்திட்டேன்."

"தொங்கலடா. நடுவுல பெரிய பேக்கேஜ் எல்லாம் இருக்கு, அங்க மெதுவாத்தான் போகும். நிறுத்தினா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு?"

"இப்போ தெரியுது."

"நேத்து வீட்டுக்கு வந்தியே. அம்மா பக்கத்துல உக்காந்து அவ்வளவு நேரம் பேசினியே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல? நேத்தே வந்து சரி பண்ணியிருப்பேனே."

"அம்மா இப்பத்தான் கண் ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்காங்க, அப்போ போய் ஆபீஸ் கதையப் பேசணுமாக்கா?" என்றான் தம்பி. அம்மா மேல் அவனுக்கு இருக்கும் அக்கறை எப்போதுமே சரியான நேரத்தில் வந்து உதவும். "இங்க பாரு. கூட்டத்துல என் பேரு வரக்கூடாது. நானும் கூட்டத்துக்கு வரேன். இந்த மாசம்தான் எனக்குப் பதவி உயர்வு பேசிட்டிருக்காங்க. இப்போ போய் இது வெளிய வந்தா எல்லாம் போச்சு. நீ பாத்துக்கோக்கா."

நீ பாத்துக்கோ. பள்ளிக்கூடத்தில் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு வந்தபோது அவன் சொன்னது அதுதான். கல்லூரியில் பரீட்சையைக் கோட்டைவிட்டு, அதை அப்பாவிடம் யார் சொல்வது என்று வந்தபோதும் அதுதான். அப்பா படுக்கையில் விழுந்தபோது, அவன் வேலைக்காக வெளியூர் நேர்காணலுக்குக் கிளம்பியபோதும் வாசலில் நின்று அதைத்தான் சொன்னான். அவள் பார்த்துக்கொண்டாள். பார்த்துக்கொண்டே இருந்ததில் தலை நரைத்ததுதான் மிச்சம்.

"என் வேலையே போகப் போகுதுடா. கிடங்கு உடைஞ்சுச்சுன்னு ஒரு வார்த்தை போதும், தூக்கி வெளியாள்கிட்ட குடுத்துடுவாங்க. கிடங்கு உடையல, ஆள் தப்பா நிறுத்தினதுன்னு சொன்னாத்தான் நான் தப்பிப்பேன்."

"ஆள் யாருன்னு கேப்பாங்களே."

"கேப்பாங்க."

அவன் காப்பியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். கண்ணாடி உடைத்தவனின் பார்வை. "நீ எப்படியாவது சமாளிச்சிடுவக்கா" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டான்.

அவள் இருக்கைக்குத் திரும்பி, இண்டெக்ஸை முதலிலிருந்து கட்டச் சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது போன் அடித்தது. அம்மா.

"தம்பி போன் பண்ணினான். ஏதோ கம்ப்யூட்டர்ல தப்பா அமுக்கிட்டானாமே. குரலே சரியில்ல அவனுக்கு. பதறிப் போயிருக்கான்."

"அதுக்குள்ள உனக்குப் போன் போட்டுட்டானா?"

"யார்கிட்ட சொல்லுவான் பின்ன? அவன் பொண்டாட்டி வேற மாசமா இருக்கா. இந்த நேரத்துல அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பொண்ணு தாங்குவாளா? நீ விட்டுக்குடுத்துடாத. நீ சொன்னா அங்க கேப்பாங்க."

"நான் சொன்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்கம்மா. மருந்து போட்டுக்கிட்டியா?"

"நீ இல்லாம எப்படிப் போட்டுக்கறது? வந்து போடு. அவனப் பாத்துக்கோ."

போனை வைத்தபோது அவளுக்கு எரிச்சலில் காது மடல் சுட்டது. தான் என்ன வேலை பார்க்கிறோம் என்று அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. தம்பியின் வேலையைக் கேட்டால் மட்டும் லிஃப்ட் கம்பெனியில் பெரிய ஆபீசர் என்று மூச்சுவிடாமல் சொல்லுவாள். இவளைக் கேட்டால், இவளும் அங்கேதான் ஏதோ பண்ணுகிறாள்.

இண்டெக்ஸ் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. திரையில் ஒரு நீலக்கோடு இடமிருந்து வலமாக வளர்ந்தது. முதலில் குடுகுடு என்று ஓடியது. நடுவில் பெரிய பேக்கேஜ்கள் இருக்கும் இடத்துக்கு வந்ததும் அசையாமல் நின்றுவிட்டது. சீக்கிரம் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். அவர் மூச்சு அவள் தலைமுடியில் பட்டது.

"நின்னு போச்சே?"

"நிக்கல சார்."

"அசையவே காணோமே. நிறுத்திட்டு மறுபடி சீக்கிரமா ஒரு தடவ போட்டுப் பாருங்களேன்."

"கனமான இடம் சார். பொறுமையாத்தான் போகும்."

"இல்ல, எனக்கென்னவோ தொங்கின மாதிரிதான்..." என்று சொல்லிக்கொண்டே அவர் விரல் கீபோர்டை நோக்கி நீண்டது. அவள் கீபோர்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து மேஜையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அவள் எழுந்து, கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த சர்வரைக் காட்டினாள்.

"அந்தக் கீழ்ப் பச்சை விளக்கப் பாருங்க. விடாம துடிக்குதில்ல? படிச்சிட்டிருக்குன்னு அர்த்தம். தொங்கிப் போனா விளக்கு அசையாது. திரைய நம்பாதீங்க சார், விளக்க நம்புங்க."

வெள்ளிக்கிழமை ஒருவன் நாற்காலியைவிட்டு எழுந்து நாலு எட்டு வைத்து இந்த விளக்கைப் பார்த்திருந்தால் இவ்வளவும் வந்திருக்காது. அதை அவள் சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். காத்திருப்பதும் அவள் வேலையில் ஒரு பகுதிதான் என்று அங்கே ஒருவருக்கும் விளங்கியதில்லை. சும்மா நிற்கிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

சாப்பாட்டு நேரம் தாண்டி நீலக்கோடு மறுபடி நகர்ந்தது. கடைசி எழுத்துவரை போய் முடிந்தது. அவள் தேடிப் பார்த்தாள். வெயிட் சென்சார், எங்கும் போகாதது போல, வந்து நின்றது. பில்ட் ஓடியது. கொஞ்ச நேரத்தில் திருத்திய மென்பொருள் அந்த அடுக்குமாடிக்குப் போய்ச் சேர்ந்தது. சோதனைப் பிரிவுப் பெண் தூரத்திலிருந்து கும்பிடு போட்டாள். அதுதான் அன்று அவளுக்குக் கிடைத்த ஒரே நன்றி.

கூட்ட அறையில் டைரக்டர் அம்மா நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் சீக்கிரம், எதிர்ப்பக்கம் தம்பி. தம்பி முன்னால் அவனுடைய மடிக்கணினி திறந்திருந்தது. டைரக்டர் அம்மா கெட்டவர் அல்ல. கேட்க வேண்டியதைக் கேட்பார், கிடைத்த பதிலை வைத்து முடிவெடுப்பார். கிடைக்காத பதிலுக்காக மெனக்கெட மாட்டார்.

"காலைல என்ன ஆச்சு?"

"இண்டெக்ஸ் பாதியில நின்னுடுச்சு மேடம். முழுசா மறுபடி கட்டினேன். இப்போ சரியா இருக்கு. எதுவும் தொலையல."

"ஏன் நின்னுச்சு?"

 அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். நான்தான் என்று ஒரு வார்த்தை அவனே சொல்லிவிடுவான் என்று அந்த நொடியில்கூட அவள் நம்பினாள். வேண்டாம், முழுசாகச் சொல்ல வேண்டாம், தொண்டையைக் கனைத்தால்கூடப் போதும். அவன் மூடியைத் திருகினான். அவளுக்கு அம்மாவின் குரல் கேட்டது, பிள்ளை உண்டாகியிருக்கும் அந்தப் பெண்ணின் முகம் தெரிந்தது. இவர்கள் எல்லாரும் சேர்ந்து அவள் நாக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நான் லீவுல இருந்தப்போ யாரோ ரீபில்ட் போட்டு நடுவுல நிறுத்தியிருக்காங்க. நிறுத்தக்கூடாதுன்னு நான் சொல்லிட்டுப் போகல. தப்பு என் மேலதான்."

"யாரு நிறுத்தினது?"

"அது முக்கியமில்ல மேடம். சொல்லாம போனது நான்."

டைரக்டர் அம்மா தலையை ஆட்டினார். "அப்போ உங்க ஒருத்தருக்குத்தான் இதெல்லாம் தெரியும். நீங்க ரெண்டு நாள் வரலேன்னா கம்பெனி நின்னுடும்."

"அப்படி இல்ல மேடம்..."

"அப்படித்தானே ஆச்சு" என்று மென்மையாகச் சொல்லிவிட்டு அவர் தம்பி பக்கம் திரும்பினார். "கிடங்க அதிகமாப் பயன்படுத்தறது உங்க குழு. நீங்க ஏதோ தயார் பண்ணியிருக்கறதா சொன்னாங்களே?"

தயார் பண்ணியிருப்பதாக. அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. தம்பி எழுந்து விளக்கை அணைத்தான். சுவரில் வெளிச்சம் விழுந்தது. சொந்தக் கிடங்கு ஏன் வேண்டாம் என்று பெரிய எழுத்தில் தலைப்பு. அடுத்த பக்கத்தில் ஒரு படம். பேக்கேஜ் எப்படி உள்ளே வருகிறது, எங்கே போகிறது, இண்டெக்ஸ் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பெட்டி பெட்டியாகவும் அம்பு அம்பாகவும் வரைந்த படம்.

அது அவள் வரைந்தது. நேற்று, சமையலறை மேஜையில், அவனுக்காக வரைந்தது. ஒரு டிரெயினிங்குக்கு வேணும்க்கா, நீ சொன்னாத்தான் புரியும் என்றான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் வேலையைப் பற்றி அவன் கேட்கிறான் என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்பில் வைத்த பாலையும் மறந்து, அது பொங்கி வழிய, ஒவ்வொரு அம்பையும் விளக்கினாள். எது எளிதில் பழுதாகும் என்று கேட்டான். அதையும் சொன்னாள், முட்டாள் மாதிரி, வட்டம் போட்டுக் காட்டினாள். அந்த வட்டங்கள் இப்போது சிவப்பில் இருந்தன.

தம்பி பேசினான். அவனுக்குப் பேச வரும் என்று முன்னமே சொன்னேன். அடுத்த பக்கத்தில் ஒரு வரி இருந்தது. இண்டெக்ஸைப் புதிதாகக் கட்ட ஆகும் நேரம்: அளக்க முடியவில்லை, சோதனையின்போது பாதியில் நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை அவன் எதற்காக ரீபில்ட் போட்டான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவளுடைய பாஸ்வேர்டை வைத்து, அவளுடைய வேலையை ஒழிப்பதற்கு ஆதாரம் தேடியிருக்கிறான். தேடும்போது உடைத்திருக்கிறான். உடைந்ததையே ஆதாரமாக எழுதிவிட்டான்.

அவள் வாயைத் திறந்தாள். நின்றுவிடவில்லை, நீ நிறுத்தினாய் என்று கத்த வேண்டும் போல் இருந்தது. ஆனால் யார் என்பது முக்கியமில்லை, தப்பு என்னுடையது என்று சற்றுமுன் அவள் வாயாலேயே சொல்லியாகிவிட்டது. இப்போது மாற்றிச் சொன்னால், வேலை போகிற ஆத்திரத்தில் உடன்பிறந்தவன் மேலேயே பழி போடுகிறாள் என்பார்கள். சீக்கிரம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரிடம் பாஸ்வேர்டு கொடுத்தாள் என்று கேட்க அவருக்கு அவசரம் இடம் கொடுக்கவில்லை.

முடிவு சீக்கிரமே வந்துவிட்டது. கிடங்கு வெளியே போகும். மாற்றும் பணிக்குத் தம்பி பொறுப்பு. மாற்றி முடியும்வரை அவள் அவனுக்கு உதவ வேண்டும். அதன் பிறகு பார்க்கலாம் என்றார் டைரக்டர் அம்மா. பார்க்கலாம் என்றால் என்ன என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

வெளியே வராந்தாவில் தம்பி அவள் தோளைத் தொட்டான்.

"கோவிச்சுக்காதக்கா. என்னைக்கிருந்தாலும் இது நடக்கப் போறதுதான். வேற எவனாவது பண்றதுக்கு நான் பண்ணினா உனக்கும் ஒரு பாதுகாப்பு. நான் பாத்துக்கறேன்."

இந்த ஒன்றுதான் பாக்கி இருந்தது. அவள் அவன் கையை எடுத்துக் கீழே விட்டாள்.

"விளக்கு ஒண்ணு இருக்குடா" என்றாள். "கீழ் வரிசையில. அது துடிச்சிட்டிருந்தா நிறுத்தக்கூடாது. தெரிஞ்சு வெச்சுக்கோ, இனிமே நீதான் பொறுப்பு."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. சரிக்கா என்றான்.

அவள் வீட்டுக்குள் நுழையும்போது அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள். எதிர்முனையில் சித்தி. "ஆமாடி, நல்லாத் தெரியுது இப்போ. எல்லாம் என் பையன் ஏற்பாடு. நேத்துகூட வந்து பக்கத்துலயே உக்காந்திருந்தான். இப்போ பதவி வேற குடுத்திருக்காங்களாம் அவனுக்கு."

ஆஸ்பத்திரி வராந்தாவில் படிவத்தோடு அலைந்தது யார், இரவெல்லாம் அம்மா கட்டைக் கசக்கிவிடாதபடி கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார் என்று கேட்கத் தோன்றியது. கேட்டால் அம்மா பொய் சொல்ல மாட்டாள். நீதான் என்பாள். தேடும்போது மட்டும் அவள் கண்ணுக்கு மகள் தட்டுப்படுவதில்லை.

கையைக் கழுவிக்கொண்டு மருந்துப் புட்டியோடு வந்தாள். அம்மா கண்ணாடியைக் கழற்றித் தலையை அண்ணாந்தாள்.

"தம்பி சொன்னான். நீ விட்டுக்குடுக்கலையாமே. எனக்குத் தெரியும்டி."

"எனக்கு வேலை போகுதும்மா."

"ம்?"

"வேலை. இன்னும் கொஞ்ச நாள்தான். கிடங்க மூடறாங்க. மூடறதே உன் பையன்தான்."

 அம்மாவின் கண் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. புதிதாகத் தெளிந்த கண். விட்டத்தில் இருக்கும் தூசிகூடத் தெரிகிறது என்று காலையில் பெருமைப்பட்ட கண்.

"நீ கெட்டிக்காரி. உனக்கு எங்க போனாலும் கிடைக்கும்" என்றாள். பிறகு மெல்ல, "அவனுக்கு ஒண்ணும் ஆகலையே?"

அவள் கையில் புட்டி அப்படியே நின்றது.  சுவரில் அடித்து உடைக்கலாம் போல் இருந்தது.

"இல்லம்மா. அவனுக்கு ஒண்ணும் ஆகல."

சொல்லிக்கொண்டே ஒரு சொட்டு விட்டாள். அம்மா நிம்மதியாக ஒரு மூச்சு விட்டுக் கண்ணை மூடிவிட்டாள். மருந்து முழுவதும் இமையில் பட்டுக் கன்னத்தில் வழிந்து காதுக்குள் போனது.

"மூடாதன்னு எத்தனை தடவ சொல்றது?" என்று அவள் அதட்டினாள். கன்னத்தைத் துடைத்துவிட்டு, விரலால் இமையை விரித்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு சொட்டு விட்டாள்.